ரோஸ் நிறக் காலுறை

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் ஞானப்பூ கட்டிலில் படுத்தபடியே காலைச் சுவரில் உயர்த்தி வைத்திருக்கிறாள். அதில் புடைத்திருக்கும் நரம்பை அவிழ்த்து நீட்டினால் பினாங்குத் தீவையே ஒரு சுற்றுச் சுற்றலாம். காலைத் தரையில் வைக்குமுன் காலுறை ஏறிவிட வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. மாலையில் அக்கரைத் தேவாலயத்தின் புனித அன்னம்மாள் பவனியில் நடந்தே தீருவேன் என்பது அவள் கட்டளை. கணவர் சூசைநாதர் பவுடர் தூவுகிறார், அறையே மேகமாகிறது. ரப்பர் இழையோடிய காலுறையைத் தேர் இழுப்பதுபோல் இழுக்கிறார். கட்டில் ஒரு முழம் நகர்கிறது. "மெதுவா லா! காலுங்க இது, ஆட்டுக்கல் இல்ல." "கறுப்பு இருந்தும் ரோஸ் கலரை எடுத்தது யாரு? ஒரு காலு துரைசாணி ஆயிருச்சு!" முழங்காலுக்குக் கீழே காலுறை இதமாகக் கவ்வுகிறது. அவள் இறங்கி நின்று வழக்கமான வலிக்காகக் காத்திருக்கிறாள். வரவில்லை. வாசலில் ரிக்‌ஷா மணி அடிக்கிறது. "அவனைப் போகச் சொல்லுங்க, படகுத்துறைக்கு நடந்தே போவோம்" என்கிறாள், சேலைக் கொசுவத்தை விரற்கடை உயர்த்திப் பிடித்தபடி.