வாத்து வாளி

"சின்னவனைச் சேர்த்துக்கணும்மா. இடமில்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றபடி உள்ளே வந்தாள் அந்த நரைத்த தலை அம்மாள்.

நூலகத்துக்குப் பின்னால் இருந்த சிறுவர் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்தாள். கையெல்லாம் மண். சனிக்கிழமை காலைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு விதைக்கவும், விளைந்ததைச் சாப்பிடவும், மிஞ்சியதைத் தனியாக இருப்பவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் கற்றுத்தருவது அவள் வேலை. இதில் சாப்பிட வைப்பதுதான் பெரும்பாடு.

"வாசல்ல போர்டு பார்த்தீங்களா? அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும்."

"முடிஞ்சுடுச்சு."

"நிஜமா முடிஞ்சுடுச்சாம்மா? சில பேர் குறைச்சலா இருக்கும்போதே கூட்டிட்டு வந்துடறாங்க. அப்புறம் விதையை எடுத்து மூக்குல போட்டுக்குதுங்க."

"இவன் போட்டுக்க மாட்டான். மூக்கு விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதை."

டீச்சர் சிரித்தாள். "காய்கறி சாப்பிடுவானா?"

"பொறுக்கித் தட்டு ஓரத்துல வெச்சுடுவான். இனிப்பு டப்பாவை எங்க ஒளிச்சாலும் நாற்காலி போட்டு ஏறி எடுத்துடறான். டாக்டர் சத்தம் போட்டுட்டார். முன்பல் ரெண்டும் போன மாசம் விழுந்துடுச்சு."

"அதுக்கென்ன, முளைச்சுடும்."

"முளைச்சா நல்லாத்தான் இருக்கும்" என்றாள் அம்மாள்.

"ஸ்கூல்?"

"போறதில்லை. போன வருஷம் அனுப்பிட்டாங்க. அன்னைக்கு வாத்தியாருங்க எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க."

டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. ஒரு பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுக் கை தட்டுவார்களா, இவர்களெல்லாம் மனிதர்களா? அவள் கேட்கும் முன்பே, பக்கத்துப் பாத்தியிலிருந்து கேட்டது ஒரு குரல்.

"அவ்ளோ வாலா பாட்டி அவன்?"

அது ரேடியோ. எட்டு வயசு. நிறுத்தப் பொத்தான் கிடையாது என்பதால் தோட்டத்தில் அவளுக்கு அந்தப் பெயர்.

"நீ களையை எடு" என்றாள் டீச்சர். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவங்க அம்மா, அப்பா...?"

"ரெண்டு பேருமே இல்லைம்மா. நான்தான் வளர்த்தேன்."

டீச்சர் மண் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதனால் கண் இன்னும் அதிகமாகக் கலங்கியது.

"கூடவே ஒருத்தி இருந்தா" என்றாள் அம்மாள், வெண்டைச் செடியைப் பார்த்தபடி. "எங்க போனாலும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் போவாங்க. நாள் பூரா சண்டை, நாள் பூரா சிரிப்பு. திடீர்னு போயிட்டா."

"வேற ஊருக்கா?"

அம்மாள் ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டாள். "ஆமாம்மா. ரொம்ப தூரம்."

"கவலைப்படாதீங்க. இங்க புதுசா யாராவது கிடைச்சுடுவாங்க."

"அந்த எண்ணமெல்லாம் இல்லைம்மா. அவ போனதுல இருந்து யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசறதில்லை. நான் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டறான். போன வாரம் உங்க பிள்ளைங்க எங்க தெருவுக்குக் கீரை கொண்டுவந்து கத்தினாங்க பாருங்க, அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஜன்னல்கிட்ட போனான். அதான் ஓடி வந்தேன். ஒரே ஒரு வார்த்தை பேசிட்டான்னா போதும் எனக்கு."

"அடுத்த சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றாள் டீச்சர். "நான் பார்த்துக்கறேன்."

அந்த வாரம் முழுவதும் டீச்சருக்கு அதே நினைப்பு. மிகச் சின்ன ரப்பர் காலணி ஒரு ஜோடி தேடி வைத்தாள். தோட்டத்தில் எல்லோரும் அடித்துக்கொள்ளும் மஞ்சள் வாத்து வாளியை, அலகு வழியாகத் தண்ணீர் ஊற்றுமே அதை, யார் கையிலும் படாமல் பெஞ்சுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

"இது ஓரவஞ்சனை" என்றாள் ரேடியோ.

"புதுப் பையனுக்கு நீதான் துணை. ஸ்கூலைப் பத்திக் கேக்காதே. அம்மா அப்பா பத்திக் கேக்காதே. பல்லைப் பார்த்துச் சிரிக்காதே. போன பிரெண்டைப் பத்தி மூச்சு விடாதே."

"அப்ப என்னதான் பேசறது டீச்சர்?"

"ஒண்ணும் பேசாதே."

"அதுக்கு எதுக்கு நான்?"

சனிக்கிழமை. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ரேடியோ வாத்து வாளியைப் பிடித்துக்கொண்டு, பேசிவிடாமல் இருக்கக் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள். கேட் கிறீச்சிட்டது. முதலில் அம்மாள் வந்தாள். பின்னால் திரும்பி, "வாடா சின்னவா, யாரும் கடிச்சுட மாட்டாங்க" என்றாள்.

சின்னவன் வரவேண்டிய இடத்தை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அங்கே ஒரு பெல்ட் தெரிந்தது.

பார்வைகள் மெல்ல மேலே ஏறின: தொப்பை, தப்பான துளையில் மாட்டிய சட்டைப் பொத்தான், நரைத்த மீசை, வழுக்கைத் தலைமேல் இறந்துபோன மனைவியின் ரிப்பன் வைத்த வெயில் தொப்பி. ரேடியோ மூச்சை அடக்கியபடியே வாளியை நீட்ட, ஓய்வுபெற்ற அந்தத் தலைமையாசிரியர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, அம்மாள் பக்கம் திரும்பி, முன்பல் இல்லாத வாயைத் திறந்து, "அக்கா, எனக்கு வாத்து" என்றார்.