கல் வைக்காத கல்லறை

புருஷன் கல்லறைக்குக் கல் வைக்க விடமாட்டேன் என்று ஒரு பொம்பளையே குறுக்கே நின்றால் ஊர் சும்மா இருக்குமா? ஜெயசீலி டீச்சரைக் கிழித்துத் தொங்கவிட்டது.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் பழைய மிஷன் ஊர் அது. அங்கே முப்பது வருஷம் பாடம் சொன்னவர் டீச்சர். பறவை, மரம், ஏரி என்று பத்திரிகையில் எழுதுகிறவர். ரிட்டயர் ஆன பிறகும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், ஏரியைத் தூர்க்காதீங்க, கூட்டைக் கலைக்காதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் கிருபானந்தம் போன வருஷம் தவறிவிட்டார். மண் இறங்கட்டும் என்று கல்லறை மேல் ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். இப்போது மகன் ஜோனத்தான் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். கறுப்பு கிரானைட் கல் லாரியில் வந்து இறங்கிவிட்டது. சனிக்கிழமை பதித்துவிட்டால், ஈஸ்டர் விடியற்காலை கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் ஆராதனையில் பாஸ்டர் ஜெபம் பண்ணிவிடுவார். திங்கட்கிழமை அவனுக்கு ஃபிளைட்.

டீச்சர் இப்போது வேண்டாம் என்றுவிட்டார். அந்த ஜல்லியில் ஆள்காட்டிக் குருவி முட்டை வைத்திருக்கிறதாம். குஞ்சு பொரித்து இறங்கிப் போன பிறகு வைத்துக்கொள்ளலாமாம்.

சர்ச் கமிட்டியில் சிரித்தார்கள். முட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் ஆகாதா என்றார் ஒருவர். இடம் மாற்றினால் அது அடை உட்காராது என்றார் டீச்சர். வெயில் ஏறினால் அது ஏரிக்குப் போய் நெஞ்சை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர வைக்கிறது என்றும் சொன்னார்.

அதிகமாகக் குதித்தது டெபோரா. கிருபானந்தத்தின் அக்கா. தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"குருவிக்கு வெயில் அடிக்குதாம். என் தம்பி ஒரு வருஷமா வெயில்ல கெடக்கறானே, அது உன் கண்ணுக்குத் தெரியலியா டீச்சரம்மா? நீ எழுதறதை நம்ம வீட்ல ஒருத்தராவது படிச்சிக்கினு இருக்காங்களா?"

"படிக்கலைன்னா போவுது அண்ணி. கல்லு மட்டும் இப்ப வாணாம்."

ஜோனத்தானுக்குக் குரல் உடைந்தது. "நைனாவுக்குக் கல்லு வெக்காம நான் எப்படிம்மா போவேன்? அடுத்த லீவு ரெண்டு வருஷம் கழிச்சுதான்."

டீச்சருக்கும் கண் கலங்கியது. ஆனால் பேச்சு மாறவில்லை. "கூட்டைக் கலைக்காதீங்கன்னு ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொன்னேன். என் வீட்டுக் காரியம்னு வந்தா மட்டும் கலைக்கட்டுமா?"

கமிட்டி மகன் பக்கம் சாய்ந்தது. சனிக்கிழமை கல் வைப்பது என்று முடிவு. அப்படியானால் கல்லறைத் தோட்டத்து கேட்டில் உட்கார்ந்துகொள்கிறேன், முதலில் என்னைத் தூக்கிப் போடுங்கள் என்று டீச்சர் எழுந்து போய்விட்டார்.

பெரிய வெள்ளி அன்று ஆராதனை முடிந்து எல்லாரும் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார்கள். டெபோரா மட்டும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். தம்பியிடம் சொல்லி அழப் போகிறாள் என்று விட்டுவிட்டார்கள். நல்ல வெயில். ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பினாள். கஞ்சியைக்கூடத் தொடாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை. சொன்னபடியே கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் டீச்சர். எதிரே ஜோனத்தானும் பாஸ்கர் மேஸ்திரியும் கல்லோடு நின்றார்கள். டெபோரா வந்தாள். கல்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாடா கல்லு இது, தார் ரோடு மாதிரி? என் தம்பி ஆயுசுல கறுப்புச் சட்டை போட்டிருக்கானா? இதை அவன் நெஞ்சு மேல வெக்க விடமாட்டேன்."

மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். டெபோரா முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார்.

ஜோனத்தான் கெஞ்சிப் பார்த்தான். அம்மாவை மீறத் துணிந்தவனுக்கு அத்தையை மீற முடியவில்லை. அந்தப் பக்கம் நல்லது கெட்டதில் அப்பாவோடு பிறந்தவள் சொல்லை யாரும் தாண்டுவதில்லை.

"நீ ஊருக்குப் போடா. வேற கல்லு பாத்து, கூட நின்னு நான் வெக்கறேன். போன்ல பாத்துக்கோ."

ஊர் வாய் டீச்சரை விட்டுவிட்டு டெபோராவைப் பிடித்துக்கொண்டது. அப்பனுக்குப் பிள்ளை கல் வைக்க விடாத ராட்சசி என்றார்கள்.

அவள் அதோடு நிற்கவில்லை. ஈஸ்டர் விடியற்காலையில் மெழுகுவர்த்தியோடு வந்த சனத்தைத் தம்பி கல்லறைப் பக்கமே அண்ட விடவில்லை. கல்லில்லாத கல்லறையை எவரும் வந்து பார்க்க வேண்டாம் என்று விரட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை மகனை வழியனுப்பிவிட்டு வந்த டீச்சர் மேஸ்திரியிடம் போனார். கறுப்பு ஆகாதென்றால் வேறு என்ன கல் எடுக்கலாம் என்று கேட்டார்.

மேஸ்திரி சிரித்துவிட்டார்.

"வேற கல்லுக்கு எங்க போறது டீச்சர்? கல்லு எடுக்க குப்பம் குவாரிக்கு நாங்க ரெண்டு பேரும் போனப்ப, வெள்ளை, செவப்பு எல்லாத்தையும் தள்ளிட்டு, என் தம்பிக்குக் கறுப்புதான் வேணும்னு அடம் புடிச்சி எடுத்ததே அந்தம்மாதான்."