நூல்கண்டு மிஸ்

"என் பொண்ணு இங்கே படிக்க வர்றாளா, இல்லை இவங்களோட நூலைச் சிக்கெடுக்க வர்றாளா? எனக்கு இன்னைக்கே ஒரு முடிவு தெரிஞ்சாகணும் மேடம்!"

மகளின் யூனிஃபார்மில் ஒட்டியிருந்த ஊதா நிற உல்லன் நூல் துண்டைத் தலைமையாசிரியையின் மேஜைமேல் போட்டாள் அந்த அம்மா. நூல் விழுந்தால் சத்தம் வராதே! அதனால் கையாலும் ஒரு தட்டு தட்டினாள்.

நான்காம் வகுப்பு டீச்சர் பிரசவ லீவில் போய் மூன்று வாரம். அவருக்குப் பதிலாக வந்தவளைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்நேரமும் பையில் நூலும் குரோஷா ஊசியும் இருந்ததால், பிள்ளைகள் வைத்த பெயர் 'நூல்கண்டு மிஸ்'.

மாற்று டீச்சர் என்றால் பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்? முதல் நாளே ஒருவர் பெயரை ஒருவர் மாற்றிச் சொன்னார்கள். "எங்க மிஸ் கணக்குப் பீரியட்ல விளையாடத்தான் விடுவாங்க" என்று கூசாமல் புளுகினார்கள். கூச்சல் காதைக் கிழித்தது.

அவள் கத்தவில்லை. உட்கார்ந்து தன் பாட்டுக்குப் பின்ன ஆரம்பித்துவிட்டாள். என்னதான் பின்னுகிறாள் என்று எட்டிப் பார்ப்பதற்காகவே வகுப்பு அடங்கியது. இப்போதெல்லாம் கணக்கு சரியாக இருந்தால் ஒரு நூல் பூ பரிசு.

தலைமையாசிரியைக்கு இதெல்லாம் தெரியும். வகுப்பு அமைதியாக இருக்கிறதே என்று கண்டும் காணாமல் இருந்தாள். 'டீச்சர் திரும்பி வந்தாலும் உனக்கு இங்கேயே ஒரு வேலை போட்டுத் தரேன்' என்றுகூடச் சொல்லியிருந்தாள். ஆனால் புகார் என்று வந்துவிட்டால், எல்லோரும் உத்தமர்கள் ஆகிவிடுகிறார்களே!

மிஸ் வரவழைக்கப்பட்டாள்.

"இந்தப் பொண்ணைத் தினமும் நூல் சிக்கெடுக்கச் சொல்றியா?"

"ஆமா மேடம். பாடம் கேட்டுக்கிட்டே எடுப்பா."

"எல்லாப் பிள்ளைகளுமா எடுக்குறாங்க?"

"இல்லை. இவ மட்டும்தான்."

"கேட்டீங்களா? அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்க!" அம்மா துள்ளினாள். "அப்படி என்னங்க நூல் அது, பொழுது விடிஞ்சா சிக்கிக்கிட்டு நிக்குது? பின்னத் தெரிஞ்சவங்களுக்கு ஒழுங்கா சுத்தி வைக்கத் தெரியாதா?"

"ஏன் இவ மட்டும்?" என்றாள் தலைமையாசிரியை.

மிஸ் வாயைத் திறந்தாள். அம்மாவை ஒட்டிக்கொண்டு நின்ற சிறுமியைப் பார்த்தாள். காதுவரை இழுத்துவிட்ட தொப்பி. 'சைனஸ், வகுப்பிலும் கழற்றக் கூடாது' என்று அம்மா சொல்லி அனுமதி வாங்கிய தொப்பி.

திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"என் தப்புதான் மேடம்."

"அப்போ நாளையிலிருந்து வர வேண்டாம். நான் வேற ஆள் பார்த்துக்கறேன்."

"அம்மா, மிஸ் பாவம்மா..."

"நீ வாயை மூடு!"

தீர்ப்பை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்தவளுக்கு அதற்கு மேல் என்ன விசாரணை? மகளைத் தரதரவென்று வராந்தாவில் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"வீட்டுக்குப் போனதும் தலைக்கு எண்ணெய் வைக்கணும். எங்கெங்கோ தேடி வாங்கின எண்ணெய், இப்பத்தான் பலன் தெரியுது. என்ன முழிக்கிறே?"

"டிபன் பாக்ஸை கிளாஸ்லயே விட்டுட்டேன்மா."

"உன்னை...!"

பள்ளி விட்டிருந்தது; திரும்பிப் போனபோது வகுப்பில் மிஸ் மட்டும் இருந்தாள். கையில் அழகாகச் சுற்றிய ஊதா நூல்கண்டு. அதை மளமளவென்று பிரித்தாள். உள்ளங்கையில் போட்டு உருட்டினாள். இரண்டு சுருக்குப் போட்டு இறுக்கினாள். பக்கத்தில் ஏற்கெனவே பறவைக் கூடு மாதிரி ஒரு மஞ்சள் குவியல்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்களேவா சிக்கலாக்குறீங்க? உங்களுக்கென்ன பைத்தியமா?"

மிஸ் திடுக்கிட்டு எழுந்தாள். "இல்லம்மா... நாளைக்கு நான் வரமாட்டேன் இல்லையா? அதான் பாப்பாகிட்ட குடுத்தனுப்பலாம்னு. இது அவளுக்குக் கொஞ்ச நாளைக்குக் காணும்."

"எதுக்கு?"

சிறுமி டிபன் பாக்ஸைத் தேடிக் கடைசி பெஞ்சுக்குப் போயிருந்தாள். மிஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"பாடம் கேட்கிறப்போ கை தன்னால தொப்பிக்குள்ளே போயிடுதும்மா. ஒவ்வொரு முடியா பிடுங்கிப் போடுறா. 'கையை எடு'ன்னு நான் சொன்னா, மொத்த வகுப்பும் திரும்பி அவ தலையைத்தான் பார்க்கும். கையில ஒரு சிக்கல் இருந்தா அந்த நினைப்பே அவளுக்கு வர்றதில்லை."

"நான்... எண்ணெயிலதான் முடி வளருதுன்னு..."

"நீங்க யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மறைச்சு வச்சிருந்தீங்க. அதான் மேடம்கிட்ட நான் வாயைத் திறக்கலை."

அம்மா திரும்பிப் பார்த்தாள். மகளின் ஒரு கையில் டிபன் பாக்ஸ். இன்னொரு கை அதற்குள் தொப்பிக்கு உள்ளே.

'கையை எடு!' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். மஞ்சள் குவியலை எடுத்துப்போய் மகளிடம் நீட்டினாள். தொப்பிக்குள் இருந்த கை தானாக வெளியே வந்து அதை வாங்கிக்கொண்டது.

அம்மா முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். மிஸ்ஸின் பையிலிருந்து புது நூல்கண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள், திருகினாள், முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டாள்.

"மேடம்கிட்ட நான் போய்ப் பேசறேன் மிஸ், நீங்க எங்கேயும் போக வேண்டாம். முதல்ல இதைப் பார்த்துச் சொல்லுங்க... இந்த அளவுக்குச் சிக்கினா போதுமா?"