பட்டியலில் இல்லாத கதவு

காலை ஆறு மணியிலிருந்து குனிந்து குனிந்து துடைத்ததில் லொரைனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பணியாளர் அறைக்குள் வந்து, டீயை ஊற்றிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். கதவு படபடவென்று தட்டப்பட்டது.

எழுந்து போய்த் திறந்தாள். நீலக் கம்பெனியின் ரயில் டிரைவர் நைஜல். ஐம்பது வயது ஆள், பள்ளிக்கூடப் பையன் மாதிரி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

"லொரைன் கண்ணு, உள்ள விடு. முட்டிக்கிட்டு வருது."

லொரைன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

கெல்டன் ஸ்டேஷன் சிவப்புக் கம்பெனியின் கையில் இருந்தது. லொரைனுக்குச் சம்பளம் கொடுப்பதும் அவர்கள்தான். நீலக் கம்பெனி தன் வண்டிகளை இங்கே நிறுத்திக்கொள்ள வருடத்துக்கு ஒரு தொகை கட்டுகிறது. அதற்கு என்னென்ன கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பட்டியல் உண்டு. பிளாட்பாரம், பாலம், விளக்கு, பெஞ்சு, கடிகாரம், மழைக்கு ஒதுங்கக் கூரை.

பணியாளர் கழிவறை அதில் இல்லை.

"பட்டியல்ல இருக்கான்னு பாத்தியா ராசா? உங்க ஆளுங்க கையெழுத்துப் போட்டதுதான். வேணும்னா கடிகாரத்தைப் பாத்துட்டு நில்லு. அதுக்குக் காசு கட்டியிருக்கீங்க."

"பொதுக் கழிவறை பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. எனக்கு இருக்கிறதே நாலு நிமிஷம்."

"இப்ப மூணு."

அவன் சிரிக்கவில்லை. குரலை இறக்கிச் சொன்னான். இந்த மாதம் இதே காரணத்துக்காக இரண்டு தடவை வண்டி தாமதம். மூன்றாவதும் அவன் பெயரில் ஏறினால் டாக்டரிடம் அனுப்புவார்கள். டாக்டர் பார்த்தால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள்.

லொரைன் டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

பிறகு விலகி நின்றாள். "குறி பாத்துப் போ. துடைக்கிறது நான்தான்."

அவன் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினான். உள்ளே மடை திறந்த சத்தம். அது நிற்கிற வழியாகவும் இல்லை.

வண்டி மூன்று நிமிஷம் பிந்திக் கிளம்பியது. பின்விளக்கு வளைவில் மறைவதற்குள் போன் அடித்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு சின்னப் பெண். மூன்று நிமிஷம் பிந்தினால் அதை யார் தலையிலாவது எழுதியே ஆக வேண்டும். அதுதான் அவள் வேலை.

"யார் பேர்ல போடட்டும்? டிரைவர் பேர்லயா?"

"எங்க கம்பெனி பேர்ல போடு பாப்பா. பொதுக் கழிவறை பழுது. அப்படின்னா எங்க கழிவறையைத் திறந்துவிடணும், தாமதமும் எங்க தலையில. ஒப்பந்தத்துல பதினோராம் பக்கம்."

"அதையெல்லாமா படிப்பீங்க?"

"படிச்சேன்."

போனை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து பழுதுப் பலகையை எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறினாள். அந்தப் பக்கம் இறங்கி, காலையில் தானே பளபளவென்று தேய்த்துவைத்த பொதுக் கழிவறையைப் பூட்டி, கதவில் பலகையை மாட்டினாள்.

அவள் ஒப்பந்தத்தை ஒரே ஒரு தடவைதான் படித்திருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஜனவரியில்.

அன்றைக்கு நீலக் கம்பெனியின் ஸ்டேஷன் ஒன்றில், இதே மாதிரி ஒரு கதவுக்கு வெளியே சிவப்புக் கம்பெனி டிரைவர் ஒருவன் கால் மாற்றி நின்றான். அங்கேயும் பட்டியல் இருந்தது. அங்கே கதவு திறக்கவில்லை. நாற்பது மைல் ஈரத்தோடு ஓட்டிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும், துவைக்கிறேன் என்று லொரைன் கை நீட்டியபோது, கால்சட்டையைக் கணப்பு நெருப்பில் போட்டான்.

நீலக் கம்பெனி அவள் புருஷனுக்கு ஒரு கால்சட்டை பாக்கி.