தானாகக் கறுக்கும் கண்ணாடி

மடவைக் கருவாட்டுக்கும் நெத்திலிக்கும் நடுவே அந்தத் தலைக்கவசம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

காயப்போட்டவள் மஞ்சு. பழவேற்காட்டுக் கரையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ராஜவேலுவின் மனைவி. கருவாட்டுக்குக் காக்கை விரட்டுகிற சாக்கில் கவசத்துக்கும் காவல் இருந்தாள்.

வெல்டிங் பொறி கிளம்பிய கணத்தில் அதன் கண்ணாடி தானாகக் கறுத்துக்கொள்ளும். பொறி நின்றால் தானாகத் தெளியும். போனில் தேடி, இருந்ததிலேயே மலிவானதாகப் பார்த்து, நண்டு விற்ற காசில் வரவழைத்திருந்தாள்.

அன்றிலிருந்து கரைக்கு வேறு பேச்சே இல்லை.

மலிவுச் சரக்கு, ஒரு மழைக்குத் தாங்காது என்றார்கள். கறுக்கக் கொஞ்சம் பிந்தினால் கண் அவிந்துபோகும் என்றார்கள். வெல்டிங் குச்சியைக் கையால் தொட்டறியாதவர்கள்தான் அதிகம் பேசினார்கள். பேசட்டுமே, வாய்க்கா பஞ்சம்?

ராஜவேலு பேசவில்லை. அதற்கும் மேலே போனான். உப்புக்காற்று அரித்துவிடும் என்று இந்தக் கரையில் ரேடியோ முதல் டார்ச் லைட் வரை எல்லாவற்றையும் சுற்றி வைப்பதுபோல, கவசத்தையும் பாலிதீன் பையில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டான். பத்து நாள் கழித்து எடுத்து, ரிமோட்டின் ஒளிக்கும் அது கறுக்கும் என்று போனில் யாரோ சொல்லிக்கொடுத்தபடி, டி.வி. ரிமோட்டை அதன் நெற்றிக்கு நேரே அமுக்கிப் பார்த்தான். கண்ணாடி அப்படியே இருந்தது.

"பாத்தியா, டூப்பு மால்," என்று சிரித்தான். "எனக்கு இன்னாத்துக்கு இது? கையில கறுப்புக் கண்ணாடி கீது. அதுவே பழகிப்போச்சி."

மஞ்சுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அட்டைப்பெட்டியில் சூரியன் படம் போட்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள். வெயில் பட்டால்தான் அது வேலை செய்யும். பத்து நாள் இருட்டில் பட்டினி போட்டுவிட்டு எழுந்து ஓடு என்றால் எது ஓடும்?

மூன்று நாள் கருவாட்டோடு கருவாடாகக் காய்ந்தது. மூன்றாம் நாள் ரிமோட்டை அமுக்கியதும் பொசுக்கென்று கறுத்தது. இருபது தடவை அமுக்கினாள். இருபது தடவையும் கறுத்தது. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அவளுக்கு இது விளையாட்டில்லை. இந்த மாதத்தில் மட்டும் நாலு முறை, பக்கத்து வீட்டுப் பிள்ளைபெற்றவள் வெண்ணிலாவின் வாசலில் சின்னக் கிண்ணத்தோடு போய் நின்றிருக்கிறாள். வெல்டிங் வெளிச்சம் அடித்த கண்ணுக்குத் தாய்ப்பால் விடுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம். "அண்ணனுக்கு இன்னும் எரியுதாக்கா?" என்று வெண்ணிலா ஒவ்வொரு முறையும் கேட்பாள். மஞ்சு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். இப்படியே போனால் கண் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்ற பயம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

இன்று தெய்வசிகாமணி வந்து நின்றார். அவருடைய படகில் என்ஜினைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு இரண்டாக முறிந்துபோயிருந்தது. நாளைக்கு அவருடைய பாடு. ஏரியில் வலை கட்ட ஆளுக்கு ஒரு முறை. அதைத் தவறவிட்டால் போனது போனதுதான். மனுஷர் நின்ற இடத்தில் நிற்காமல் தவித்தார்.

ராஜவேலு இடது கையில் கறுப்புக் கண்ணாடியும் வலது கையில் வெல்டிங் குச்சியுமாகக் குந்தினான்.

மஞ்சு கருவாட்டு வலையிலிருந்து கவசத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். வீச்சம் ஆளைத் தூக்கியது.

"இன்னாம்மா, அந்த பிளாஸ்டிக் குண்டான தூக்கினு வர?" என்றார் தெய்வசிகாமணி. "வேணாம்னு அவனே சொல்றான். கீழ போடு."

"இது இல்லாம இன்னிக்கு இங்க பொறி பறக்காது மாமா. உன் பாடு போனாலும் சரி."

குரல் உயரவில்லை. ஆனால் பட்டறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. ராஜவேலு சலித்துக்கொண்டான். இவளோடு மல்லுக்கட்ட நேரமில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, கொடுத்துத் தொலை என்பதுபோலக் கையை நீட்டினான்.

மஞ்சு கொடுக்கவில்லை.

தன் தலையில் மாட்டினாள். கொண்டை இடித்தது. அவிழ்த்துவிட்டு மறுபடி மாட்டி, பட்டையை இறுக்கினாள். அவனுக்கு எதிரே குந்தி, உடைந்த இரண்டு துண்டையும் இரண்டு கையாலும் நேராகச் சேர்த்துப் பிடித்தாள்.

பன்னிரண்டு வருடமாக இந்தப் பட்டறையில் இரும்பைப் பிடிப்பவள் அவள்தான். பற்றவைப்பவனுக்காவது கண்ணாடி பிடிக்க ஒரு கை மிச்சம் இருக்கும். பிடிப்பவளுக்கு அதுவும் கிடையாது. முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரும்பு கோணிவிட்டதா என்று ஓரக்கண்ணால் பார்க்காமலும் முடியாது.

வெண்ணிலாவின் பாலில் ஒரு சொட்டுகூட ராஜவேலுவின் கண்ணுக்குப் போனதில்லை. இவள் கண்ணைக் கசக்கும்போதெல்லாம் அடுப்புப் புகை என்றே அவன் நினைத்திருந்தான்.

நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டான். கீழே கிடந்த கறுப்புக் கண்ணாடியைத் தெய்வசிகாமணி எடுத்து அவனிடம் கொடுத்தார்.

"இப்ப பத்தவைய்யா," என்றாள் மஞ்சு.

பொறி கிளம்பியது. கண்ணாடி கறுத்தது.

தான் பிடித்த இரும்பு ஒட்டுவதை மஞ்சு முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தாள்.