பதில் அனுப்ப வேண்டாம்

“நாளைக்கு மதியம் நோ-ரிப்ளை நம்ம ஊட்டுக்குச் சாப்பிட வர்றான்!”

கிறிஸ்துதாஸ் அறிவித்த சத்தத்தில், வேப்பம்பட்டில் நிற்காத எக்ஸ்பிரஸ்கூட நின்று கேட்டுவிட்டுப் போனது.

“யோவ், அது மளிகைக் கம்பெனி கம்ப்யூட்டர்யா. மெயிலைத் தானா அனுப்பும். நீ எழுதறத எவனும் படிக்க மாட்டான்” என்றார் லட்சுமணன்.

இருவரும் ஆவடித் தொழிற்சாலையில் ஒரே நாளில் ஓய்வு பெற்றவர்கள். கிறிஸ்துதாஸ் முப்பத்தாறு வருஷம் தபால் பிரிவு. வந்த கடிதத்துக்கு ஒப்புகை போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ‘உங்கள் ஆர்டர் கிளம்பிவிட்டது. இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்று ‘நோ-ரிப்ளை’ என்ற பெயரில் மெயில் வந்தாலும், ‘தங்கள் கடிதம் கிடைத்தது. பருப்பு நலம். அங்கே அனைவரும் நலமா?’ என்று எழுதிவிடுவார். போன வாரம் தன் நாற்பதாவது கல்யாண நாளுக்கு அழைப்பே அனுப்பிவிட்டார்.

“பதில் வந்துகீது, பாரு. ‘ஒரு மணிக்கு வருகிறேன். இப்படிக்கு, நோ-ரிப்ளை.’”

“ஒருத்தனும் வரமாட்டான். எழுதித் தரவா?”

“வரலேன்னா மீசையை எடுத்துடறேன். நாப்பது வருஷ மீசை!”

மறுநாள் தெருவே கூடியது. லட்சுமணன் கத்திரியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மணி ஒன்று. பிரியாணிக்குத் தம் உடைத்தார்கள். ஒன்று பத்து. ரோஸி தன் கணவரின் மீசையைக் கடைசியாக ஒருமுறை ஆசைதீரப் பார்த்துக்கொண்டாள்.

“மூஞ்சியக் காட்டு மாமே.” லட்சுமணன் எழுந்தார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஓர் இளம்பெண் கேக் பெட்டியோடு இறங்கினாள்.

“கிறிஸ்துதாஸ் சார் வீடுதானே? நான் ஹெலினா. மளிகைக் கம்பெனியில, நோ-ரிப்ளைக்கு வந்து விழற மெயிலையெல்லாம் அழிக்கிறதுதான் என் வேலை. உங்களோடத மட்டும் அழிக்க மனசு வரல சார்.”

தெரு விசிலடித்தது.

“கரெக்டா ஒரு மணின்னு பதில் போட்டியேம்மா, ஏன் லேட்டு?”

ஹெலினா விழித்தாள். “நான் பதில் போடலையே சார்! அங்கேர்ந்து போடவே முடியாது. அதனாலதான் நேர்ல வந்தேன்.”

எல்லோரும் கிறிஸ்துதாஸின் போனை எட்டிப் பார்த்தார்கள். லட்சுமணன் மட்டும் தரையைப் பார்த்தார்.

“நோ-ரிப்ளைன்னு பேர் வெச்சு அந்தப் பதிலை அனுப்பினது நான்தான் தாஸு, உன்னைப் பந்தயம் கட்ட வெச்சு மீசையை எடுக்கணும்னு” என்றார் மெதுவாக. “ஆனா நெசமாவே வந்துட்டாங்களேய்யா!”