வாக்குத்தத்த அட்டை

வேதாகம வினாடி வினாவில் பத்து வருடமாக முதல் பரிசு பியூலாவுக்குத்தான். ஆனால் ஆரணி சபையில் யாருக்கு நோய் வந்தாலும் ஜெபிக்கக் கூப்பிடுவது, எழுதப் படிக்கத் தெரியாத பட்டுத்தறிக்காரி தேவகியை. பியூலாவுக்கு வயிறு எரிந்தது.

புத்தாண்டு ஆராதனையில் தேவகி அந்த வருடத்துக்கென ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்டுத் தரும் வாக்குத்தத்த அட்டையில் தனக்குக் கிடைத்ததை பியூலாவிடம் நீட்டினாள்.

"இன்னா வசனம்னு படிச்சு சொல்லுங்கக்கா."

இந்த வருடம் அவள் வீடு நன்மையால் நிறையும் என்றிருந்தது. பியூலாவுக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"உன் பகையாளி பசியா கெடந்தா, நீதான் சோறு போடணுமாம்."

தேவகி அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுவாரம் பியூலா காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். வீட்டில் அடுப்பு எரியவில்லை. தூக்குச்சட்டியில் சூடான கஞ்சியோடு தேவகி வந்து நின்றாள்.

"உனக்கு எதுக்குடி இந்த வேலை?"

"கார்டுல அப்டித்தானக்கா போட்டுருந்துச்சு. நீங்கதான படிச்சு சொன்னீங்க."